தனுவுக்கு ஒரு சாதுவான முயல்

"தனுவ எங்கிட்ட குடுத்துடுங்க."

சாம்பார் சாதத்தில் வைத்த கையை எடுக்காமலே ஜெயபாரதி கேட்டுவிட்டாள். கேட்கவே கூடாது என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்ட விஷயம் அது. சைதாப்பேட்டையில் ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நசுங்கி, இந்த மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறும்வரை முனியம்மாள் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இன்னா வேணா பேசிக்கோ. புள்ளயக் குடுன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. இப்பவாவது எப்பனா ஒரு தபா மூஞ்சியப் பாத்துக்கினு கீறோம். அதுவும் பூடும்."

இப்போது முனியம்மாள் தட்டைப் பார்த்தபடியே மகளின் தொடையைக் கிள்ளினாள். கிள்ளல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் கரண்டி பாத்திரத்துக்கு மேலே அப்படியே நின்றது. அவள் முத்துகிருஷ்ணனின் அக்கா. புருஷன் போனபிறகு திருநெல்வேலியிலிருந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். கீழே இரண்டு மாடி முழுக்கத் தம்பியின் ரெடிமேட் கடை, மேலே வீடு. கடையில் தம்பி பேச்சு எடுபடும். வீட்டில் அக்கா பேச்சுதான்.

"ஏட்டி பாரதி, அது என்ன கடையில மடிச்சு வச்சிருக்க சேலையா, எடுத்துக் குடுங்கன்னு கேக்க?" என்றாள் இசக்கியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பிள்ள வேணும்னா அதுக்கு வழி இருக்கு. நாங்கதான் சொல்லிட்டோமே."

அவர்கள் சொன்ன வழி சைதாப்பேட்டை முழுக்கத் தெரியும். ஜெயபாரதியின் அக்கா ஷண்முகப்ரியா இந்தக் கடையில் நைட்டி செக்‌ஷனில் நின்ற பெண். நின்றவளைப் பார்த்து முதலாளி முத்துகிருஷ்ணனுக்கு ஆசை வந்தது, கல்யாணம் நடந்தது, தனு பிறந்தாள். போன வருஷம் தீபாவளி சமயத்தில் ப்ரியா காய்ச்சலில் செத்துப்போனாள். வருஷத் திவசம் முடிந்த கையோடு இவர்கள் முனியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அக்கா விட்டுப்போன இடத்துக்குத் தங்கச்சி வரட்டும். வேற எவளோ வந்தால் பிள்ளையை எப்படிப் பார்ப்பாளோ, சித்தி என்றால் சொந்த ரத்தம். தை பிறந்ததும் கோயிலில் வைத்துத் தாலி. ஊர் உலகத்தில் நடக்காததா?

நடப்பதுதான். அதுதான் ஜெயபாரதிக்கு எரிச்சல். யாரிடம் சொன்னாலும் "நல்லதுதானே" என்றார்கள். அக்கா புருஷனோடு ஒரே கட்டிலில் படுக்க எனக்கு இஷ்டமில்லை என்பதை ஒரு காரணமாகவே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கே சில ராத்திரிகளில் அது போதுமான காரணமாகத் தோன்றவில்லை. தனுவின் முகம் வந்து நிற்கும். சரி, போய்த் தொலைவோம் என்றுகூடப் படும்.

"நான் நல்லா பாத்துப்பேன். ஸ்கூல் எங்க பக்கத்துலயே இருக்கு. நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாம்" என்றாள் மறுபடியும். அவள் பார்த்தது முத்துகிருஷ்ணனை. "மாமா, உங்களதான் கேக்கறேன்."

இந்த வீட்டில் அக்கா புருஷனை அத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். சென்னை வழக்கப்படி அவள் மாமா என்றே கூப்பிட்டு வந்தாள். இசக்கியம்மாள் திருத்தித் திருத்திப் பார்த்துக் கைவிட்டுவிட்டாள்.

முத்துகிருஷ்ணன் அப்பளத்தை உடைத்தான். உடைத்ததை இன்னும் சின்னதாக உடைத்தான். "சாப்பிடு பாரதி. அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா எப்போ?"

"இன்னிக்கு சாயங்காலம் முடிவு சொல்லிடட்டும்" என்றாள் இசக்கியம்மாள். "வந்தா மகராசியா வரட்டும். இல்லேன்னா கோவில்பட்டியில ஒரு பிள்ள இருக்கா. அவ்வோ ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருக்காவ. பூவெல்லாம் வாங்கியே வச்சிட்டேன். சரின்னா இன்னிக்கே வச்சிருவோம்."

அப்போதுதான் உள் அறையிலிருந்து தனு வந்தாள். ஒன்றாம் வகுப்பு. பெயர் தன்ஷிகா, ஜோசியர் எழுத்துப் பார்த்துக் கொடுத்தது. ஷூ போட்டு, தலை வாரி, கிளிப் குத்தி, கதவோரம் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக ரெடியாகி உள்ளே உட்கார்ந்திருந்தாளோ. போகலாமா என்று கேட்கவில்லை. பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றாள்.

இன்றைக்கு அவளுக்கு முயல் வாங்கித் தருவதாகப் பேச்சு.

அம்மா போனதிலிருந்து வகுப்பில் வாயே திறப்பதில்லை, ஏதாவது வளர்க்கக் கொடுத்துப் பாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நாய் என்றால் வீடெல்லாம் தீட்டு என்றாள் இசக்கியம்மாள். பூனை சகுனத்துக்கு ஆகாது. கிளி வைத்தால் போலீஸ் பிடிக்கும் என்று கடைப் பையன்கள் பயமுறுத்தினார்கள். கடைசியில் முயல் தேறியது. தேறியதற்குக் காரணம் ஒன்றுதான். "அது சத்தம் போடாதுல்லா?"

ஜெயபாரதி விலங்கியல் படித்தவள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இப்போது அடையாறில் ஒரு பிராணி ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கிறாள். கடித்த நாயையும் பிடிப்பாள், கடிக்கப்போகிற பூனையையும் பிடிப்பாள். முயல் எங்கே வாங்கலாம் என்று முத்துகிருஷ்ணன் போனில் கேட்டபோது, சாந்தோமில் முயல் வளர்க்கிற ஜஹீதா வீட்டைச் சொன்னதும் அவள்தான். கூண்டுக்குள் அடைத்து விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள், தானும் வருகிறேன் என்றாள்.

முனியம்மாள் வரவில்லை. "நா இங்கயே கீறேன், ராத்திரிக்கு அவரக்கா ஆஞ்சு வெக்கிறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். சம்பந்தி வீட்டுக்கு விருந்தாளியாக வந்து அவரைக்காய் ஆய்கிறாளே என்று ஜெயபாரதிக்கு அவமானமாக இருந்தது. 

முத்துகிருஷ்ணன் கார் ஓட்ட, இசக்கியம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் தனு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி வந்தாள். மழை விட்ட ஞாயிறு. மயிலாப்பூர் தாண்டும்போது மெல்லக் கேட்டாள்.

"சித்தி, முயலுக்கு அம்மா இருக்குமா?"

"இருக்கும்."

"நாம எடுத்துட்டு வந்துட்டா?"

ஜெயபாரதிக்குப் பொய் சொல்ல வராது. "கொஞ்ச நாள் தேடும். நாம நல்லா பாத்துக்கிட்டா நம்மகிட்ட ஒட்டிக்கும்."

தனு தலையாட்டினாள். அதற்குமேல் கேட்கவில்லை.

ஜஹீதாவின் வீடு கடற்கரைக் குப்பத்தை ஒட்டிய சந்தில் இருந்தது. மொட்டைமாடியில் முக்கால்வாசிக்கு வலையடித்து, தகரக் கூரை போட்டு, முயல்களைக் காலாற விட்டிருந்தாள். ஜஹீதாவுக்கு நாற்பது வயதிருக்கும். பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டாள்.

"வா பாரதிம்மா! இன்னா, பார்ட்டியே இஸ்துகினு வந்துட்டியா? வாங்க சார், வாங்கக்கா. சோறு துன்னாச்சா? செருப்ப இங்க வுடுங்க, இல்லாங்காட்டி இவனுங்க வார அறுத்துடுவானுங்க. பாப்பா ஷூ இருக்கட்டும், அதுல வாரு இல்ல. அந்த ப்ரௌன் கீறானே, அவன்தான் ரவுடி. எங்கூட்டுக்காரர் செருப்பு மூணு காலி."

"ரவுடி எல்லாம் வேண்டாம். நல்ல சாதுவா ஒண்ணு காட்டுங்க" என்றாள் இசக்கியம்மாள்.

"கடைல சட்ட பாக்குற மாதிரி பாக்கக் கூடாதுக்கா இத" என்று ஜஹீதா சிரித்தாள். "பாரதிம்மா, நீயே சொல்லு. நான் சொன்னா விக்கிறதுக்குச் சொல்றேன்னுவாங்க."

ஜெயபாரதி தனுவைக் கூட்டிப்போய்த் தரையில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் சம்மணம் போட்டாள்.

"நாம போய்ப் பிடிக்கக் கூடாது தனு. கைய நீட்டக் கூடாது. சும்மா உட்காரு. எது நம்மள வந்து பாக்குதோ அதுதான் நம்மளோடது."

"வரலன்னா?"

"வரும். அதுங்களுக்குத்தான் நம்மள விட ஆசை அதிகம், யாரு வந்திருக்காங்கன்னு பாக்க."

முதலில் ஒன்றும் வரவில்லை. மூக்குகள் மட்டும் தூரத்தில் துடித்தன. தனு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தப் பழுப்பு நிற ரவுடி இரண்டு தாவலில் வந்தது. ஜெயபாரதியின் துப்பட்டாவை முகர்ந்தது, சுவைத்துப் பார்த்தது, பிடிக்காமல் விட்டது. தனுவின் பக்கம் திரும்பியது. ஷூவின் மேல் முன்னங்கால்களை வைத்து எழும்பி அவள் முகத்தைப் பார்த்தது. இறங்கி, தன் தாடையை அந்த ஷூவின் நுனியில் இப்படியும் அப்படியும் தேய்த்தது.

"இன்னா பண்ணுது சித்தி?"

"தன் வாசனைய வெக்குது. இது என் ஆளு, வேற யாரும் கிட்ட வராதீங்கன்னு மத்ததுங்களுக்குச் சொல்லுது."

தனு சிரித்தாள். வாய்க்குள் அடக்கிய சிரிப்பு இல்லை. விழுந்த பல் இடைவெளி தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். வலைக்கு வெளியே நின்ற முத்துகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தான். ஒரு வருஷமாகக் கேட்காத சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுபோல இருந்தது அவன் முகம்.

தனுவை ஜஹீதாவிடம் விட்டுவிட்டு ஜெயபாரதி வெளியே வந்தாள். மாடிச் சுவரோரம் அவன் நின்றிருந்தான். கீழே படகுகளும், அதற்கப்பால் கடலும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒரு வருஷமாகக் கேட்க நினைத்தது.

"மாமா, அக்காவுக்குக் காய்ச்சல்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

 அவன் பொய் தேடியதுபோலத் தெரியவில்லை.

"மொதல்லயே தெரியும்" என்றான். "ராத்திரி கை வெச்சுப் பாத்தேன். கொதிச்சுது. டாக்டர்கிட்ட போலாமான்னேன். ஒண்ணுமில்லீங்க, சீசன் முடியட்டும், பில்லு போட ஆள் இல்லேன்னு சொன்னா. மாத்திரை போட்டுக்கிட்டா. காலைல எனக்கு முன்னாடி கடைல போய் உக்காந்துட்டா. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா பாரதி. வர்றவங்ககிட்ட எல்லாம் சிரிச்சுத்தான் பேசிட்டு இருந்தா. நான் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"அவ என்னிக்காவது உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்காளா? எதுக்காவது?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். அதைப் பார்த்ததும் ஜெயபாரதிக்கு வந்த ஆத்திரம் பாதியில் வழி தெரியாமல் நின்றது.

"இல்ல" என்றான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்தத்தில் தட்டணுவே மிச்சமில்லை என்றார்கள். இழவு வீட்டில் இசக்கியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கடைசி வரைக்கும் முகம் கோணல, ஒரு முனகல் முனகல, தங்கமான பிள்ள, என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அது பெருமை. அந்த வீட்டில் ப்ரியா சம்பாதித்த ஒரே நல்ல பேர். கூடியிருந்தவர்கள் எல்லோரும், முனியம்மாள் உட்பட, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். காய்ச்சலோடு கல்லாவில் உட்கார்ந்தவளை எழுப்பி இழுத்துக்கொண்டு போக ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்பதை யாரும் பேசவில்லை. தனக்கும் தெரியாமல் போயிற்றே என்றுதான் ஜெயபாரதி அன்றைக்குச் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். போனில் ப்ரியா அவளிடமும் சிரித்துத்தான் பேசியிருந்தாள்.

"நீ அப்படி இல்ல" என்றான் முத்துகிருஷ்ணன். "உனக்கு ஒண்ணுன்னா வீட்ட ரெண்டாக்கிடுவ. அதனாலதான் நானும் சரின்னேன். எங்க அக்கா சொன்னதுக்காக மட்டும் இல்ல. தனு உன்னப் பாத்து வளரட்டும்னுதான்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். உள்ளே தனு மறுபடி சிரிக்கும் சத்தம் கேட்டது. சரி என்று சொல்லிவிட்டால் என்ன? இந்தச் சிரிப்பு தினமும் கேட்கும். அவள் சண்டை போடுவாள், இவன் அவள் பக்கம் நிற்பான். நிற்பான் என்றால் ஒருவேளை ஓட்டிவிடலாம். அந்த ஒரு நிமிஷம் அவள் சரி என்றுதான் நினைத்தாள். பிற்பாடு யார் கேட்டாலும் அதை மறைக்கமாட்டாள்.

"ஏல முத்து, இங்க வந்து பாரு!" என்று இசக்கியம்மாள் கூப்பிட்டாள்.

அவள் கையில் ஒரு வெள்ளை முயல். மூலைக் கூண்டிலிருந்து தானே எடுத்திருந்தாள். மல்லாக்கப் போட்டுக் கைக்குழந்தையைப்போல ஏந்தியிருந்தாள். நாலு காலும் மேலே, காதுகள் பின்னால், அசைவே இல்லை. பஞ்சுப் பொதி மாதிரி கிடந்தது.

"பாத்தியா, எம்புட்டு அமைதின்னு! தூக்கினா ஒரு துள்ளு துள்ளல. இதான் நம்ம வீட்டுக்கு ஒத்து வரும்."

"அது வேணாங்கா" என்றாள் ஜஹீதா. "வேளச்சேரி ஃபிளாட்டுக்குப் போயி திரும்பி வந்தது அது. பசங்க கீழப் போட்டுக்கினு வெளயாடியிருக்கானுங்க. யாரு தூக்கினாலும் இப்டித்தான் செத்தாப்ல கெடக்குது. இன்னும் கொஞ்ச நாள் எங்கிட்டயே இருக்கட்டும்."

"நல்லதத் தள்ளிவச்சிட்டு ரவுடியத் தலையில கட்டப் பாக்கியளோ?"

ஜெயபாரதி உள்ளே போய் இசக்கியம்மாளின் கையிலிருந்த முயலின் மார்பில் இரண்டு விரலை வைத்தாள். விரலுக்கடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எண்ண முடியாத வேகம்.

"அக்கா, நீங்களே கை வெச்சுப் பாருங்க. இது அமைதியா இல்ல. பயத்துல உறைஞ்சு கெடக்கு. இதுங்கள இப்படிப் போட்டா, கொல்லப் போறாங்கன்னு நினைச்சு அசையாமக் கெடக்கும். வலிச்சாலும் கத்தாது, மூலையில போய் உட்காந்துக்கும். பாக்கறவங்களுக்கு சாதுவாத் தெரியும். வீட்டுக்குப் பழக ஆளுக்குப் பயப்படாததுதான் வேணும். தனுகிட்ட வந்துச்சே, அதுதான் நல்ல முயல். கண்ணு தெளிவா இருக்கு, மூக்கு ஒழுகாமக் காஞ்சு இருக்கு, நல்லா திங்குது."

"நல்லா திங்கும், கடையில இருக்க துணிமணியெல்லாம் திங்கும். ஏட்டி, படிச்சவ நீ, ஒத்துக்கிடுதேன். வீட்டுல வச்சுக் கும்பிடப்போறது நான்தானே? நாள் முச்சூடும் அது பின்னால ஓட எனக்குக் காலு ஏது?"

ஜெயபாரதி முத்துகிருஷ்ணனைப் பார்த்தாள். தனுவும் பார்த்தாள். பழுப்பு முயல் அவள் மடிக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். ப்ரௌனே எடுத்துக்கலாம் அக்கா, பிள்ளை ஆசைப்படுது. பெரிய சண்டை வராது. வந்தால் வரட்டும். வீட்டை ரெண்டாக்குகிறவளைப் பார்த்துத் தன் மகள் வளரட்டும் என்று சற்று முன்னால்தான் சொன்னவன்.

முத்துகிருஷ்ணன் அக்காவைப் பார்த்தான். பழுப்பைப் பார்த்தான். பின்னங்கழுத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"வெள்ளையும் அழகாத்தானே இருக்கு" என்றான். குனிந்து மகளிடம் கேட்டான். "பாப்பா, அத்தை எடுத்தது பிடிச்சிருக்குல்ல?"

தனு அப்பாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். சித்தியைப் பார்க்கவில்லை. மடியில் இருந்ததை மெதுவாக நகர்த்தி வைத்தாள். எழுந்து நின்று பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அது ப்ரியாவின் சிரிப்பு. உதடு மட்டும் விரிகிற, நீங்க கஷ்டப்பட வேணாம் என்கிற சிரிப்பு.  

ஜஹீதா வெள்ளையை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, ஓட்டை போட்டு, புல்லும் போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது பெட்டியிடம்தான் பேசினாள். "போடா ராஜா. இந்தத் தபாவாவது நல்லாரு." ஜெயபாரதியின் பக்கம் திரும்பி, "இன்னா பாரதிம்மா, நீயுமா கம்முனு இருந்துட்ட?" என்றாள்.

கம்மென்று இருந்தது உண்மைதான். கத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்த நேரம் வேறு ஒன்று தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. இந்த வீட்டுக்குள் அவள் வந்தால் முதல் வருஷம் கத்துவாள். முயலுக்குக் கத்துவாள், பள்ளிக்கூடத்துக்குக் கத்துவாள், காய்ச்சலுக்குக் கத்துவாள். ஒவ்வொரு தடவையும் இவன் பின்னங்கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பான். இரண்டாம் வருஷம் தொண்டை வலிக்கும். அப்புறம் ஒருநாள், கேட்ட உடனே, அவளும் பிடிச்சிருக்கு என்பாள். தனு பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பாள்.

திரும்பி வரும்போது பெட்டி தனுவின் மடியில் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜெயபாரதி குழந்தையின் தோளில் கை போட்டுக்கொண்டு, காது பக்கம் குனிந்து பேசினாள்.

"தூக்காத. ரொம்ப நாளைக்குத் தூக்கவே தூக்காத. கூண்டுக் கதவத் தொறந்து வெச்சுட்டுத் தரையில உட்காரு. படம் வரை, புஸ்தகம் படி. அத்தை தூக்கச் சொன்னாலும் தூக்காத. அதுவா வெளிய வர்ற வரைக்கும் பக்கத்துல இரு."

"வருமா?"

"நாளாகும். வரலாம்."

"ப்ரௌன் என்னத் தேடுமா சித்தி?"

ஜெயபாரதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஷூவுல வாசனை வெச்சுதுல்ல. தேடும்."

வீட்டுக்கு வந்ததும் இசக்கியம்மாள் முகம் கழுவி, சாமி விளக்கை ஏற்றினாள். தட்டில் மல்லிகைப் பூவும் குங்குமமும் எடுத்துவந்து ஹாலில் வைத்தாள். முனியம்மாள் சமையலறையிலிருந்து முந்தானையில் கை துடைத்தபடி வந்து சுவரோரம் நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசை. தன் பெண் இந்த வீட்டு ஃபேனுக்கடியில், இந்த டைல்ஸ் தரையில், பேத்தியோடு உட்கார்ந்திருக்கும் படம் அவள் கண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கலைக்க ஜெயபாரதிக்கு மனம் வரவில்லை.

"என்னட்டி, சொல்லு. வச்சிருவமா?"

"வேணாம்."

"எது வேணாம்? பூவா?"

"கல்யாணம்."

முனியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏ பாரதி, இன்னாடி இது? அவ உனக்கோசரம்தானேடி பன்னெண்டாவதோட நின்னு இந்தக் கடைல காலு கடுக்க நின்னா. நீ படிக்கணும்னுதானே நின்னா? அவ புள்ளைக்கோசரம் நீ நிக்க மாட்டியா?"

"நின்னாம்மா" என்றாள் ஜெயபாரதி. குரல் உடைந்தது. உடைந்தபடியே பேசினாள். "எனக்காக நின்னா. காய்ச்சல்லயும் நின்னா. நாம எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தோம். என்னால நிக்க முடியாது. புள்ளயக் குடுத்தா இப்பவே தூக்கிட்டுப் போறேன். குடுக்க மாட்டாங்க. அதுக்குமேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

இசக்கியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டாள். இந்தமுறை சிரிக்கவில்லை. "சரி. உன் இஷ்டம். கோவில்பட்டிக்கு இன்னிக்கே சொல்லிருதேன். ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்க. புதுசா ஒருத்தி வந்த பொறவு, செத்தவ வீட்டு ஆளுவ வந்து போய்க்கிட்டு இருந்தா அவளுக்கும் நல்லா இருக்காது, பிள்ளைக்கும் நல்லா இருக்காது. உனக்கே தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

"கொஞ்சம் யோசி பாரதி" என்றான் முத்துகிருஷ்ணன். கெஞ்சுவதுபோலத்தான் சொன்னான்.

"சாந்தோம்லயே யோசிச்சு முடிச்சுட்டேன் மாமா."

எதை என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குப் புரிந்திருக்கும்.

பால்கனியில் தனு கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை முயல் உள்மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒடுங்கியிருந்தது. ஜெயபாரதி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குழந்தை எல்லாவற்றையும் கேட்டிருந்தது.

"நீ இனிமே வரமாட்டியா சித்தி?"

"விட மாட்டாங்க."

"நான் அப்பாகிட்ட கேக்கட்டுமா?"

"கேளு. தினமும் கேளு. சத்தமா கேளு."

"அத்தைக்குக் கோவம் வரும்."

"வரட்டும் தனு. கோவம் வந்தா வரட்டும். ஒடம்பு சரியில்லன்னாலும் கத்து. பசிச்சாலும் கத்து."

தனு தலையாட்டினாள். நல்ல பிள்ளையாக, உடனே தலையாட்டினாள். அந்த ஆட்டலைப் பார்த்தபோதே ஜெயபாரதிக்குத் தெரிந்தது, இவள் கேட்கமாட்டாள். குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். எண்ணெய்த் தலையும் பவுடரும் கலந்த வாசனை. தனு அழவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. விட்டபிறகு மறுபடி கூண்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முயல் வரும் என்று காத்திருக்கத் தொடங்கினாள்.

ஜெயபாரதி எழுந்தாள். ஹாலில் கைப்பையை எடுத்தாள். "வாம்மா" என்றாள். முனியம்மாள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "நீ போ. நா அப்புறமா வர்றேன். அவங்க கால்ல வுழுந்தாவது கேட்டுட்டு வர்றேன்" என்றாள். ஜெயபாரதி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவே, கையில் நாலைந்து பைகளோடு ஒரு அம்மாள் மேலே ஏறலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, மேலயும் கடை இருக்குதா?"

"இல்லக்கா" என்றாள் ஜெயபாரதி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேல வீடு."

அந்த அம்மாளுக்கு வழிவிட்டு, கடைக்குள் புகுந்து, பில் போடும் இடத்தைத் தாண்டி, ரங்கநாதன் தெருவின் கூட்டத்துக்குள் இறங்கி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.